குப்பிக்குள் அண்ணனின் பப்பாளி

வீட்டில் அவளுக்கு ரயிலு என்று பெயர். சாப்பிட உட்கார்ந்தாலும் வண்டி கிளம்பிவிடும் போலத்தான் அவசரம். குழம்பில் உப்பு போட்டாளா என்பது மற்றவர்கள் வாயில் வைத்த பிறகுதான் தெரியும். ஆனால் திசு வளர்ப்புக் கூடத்தில் அந்த அவசரத்துக்குத்தான் சம்பளம். பப்பாளிக் குருத்தை நறுக்கினால் பால் கசியும். அதை ஒற்றி எடுத்து, வெட்டுவாய் காய்வதற்குள் நாற்றின் தண்டில் பொருத்திவிட வேண்டும். ஆற அமரச் செய்கிறவர்கள் கையில் குருத்து கறுத்துப்போகும், ரயிலு கையில் பிடித்துக்கொள்ளும். அதில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

அண்ணன் தோட்டத்தில் தேனாய்ப் பழுக்கும் ஒரே மரம் இலை சுருங்கத் தொடங்கியதும் அவளைத்தான் கூப்பிட்டார். வைரஸ் நோய். வெட்டாவிட்டால் அக்கம்பக்கத்துக்கும் பரவும். விதை போட்டால் அதே பழம் வரும் என்று நிச்சயமில்லை.

"அதே மரம் திரும்பி வரும்னு கண்ணால பாத்தாதான் கோடாலிய எடுப்பேன்," என்று ஒற்றைக்காலில் நின்றார் அண்ணன்.

நோய் எட்டாத நுனியைக் கடுகளவு கிள்ளி, கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்த சுத்தமான நாற்றுகளில் ஒட்டினாள். பல குப்பிகளில் பூஞ்சை பிடித்தது. நோய் இல்லை என்று சோதனையில் தேறியது ஒன்றே ஒன்று. அதுவும் தளதளவென்று இலை விட்டது. உடனே அண்ணனை வரச் சொன்னாள்.

"அடேங்கப்பா, என்னமா வளந்திருக்கு!"

"ஒட்டுன கை யாரோடது?" என்றபடி குப்பியை விளக்கடியில் திருப்பியவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். இலைகள் ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்திருந்தன. நாற்றின் மொட்டு ஒன்றைக் கிள்ளாமல் விட்டிருக்கிறாள். சத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ள, அண்ணனின் குருத்து மேலே பச்சைப் புள்ளியாக உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளும் யார் வீட்டுப் பிள்ளையையோ கொஞ்சியிருக்கிறாள்!

"தப்பு பண்ணிட்டேண்ணே. இது நாத்தோட இலை. உங்க மரம் அந்தப் புள்ளிதான்."

"அது பொழைக்குமா?"

"இத வெட்டினா பொழைக்கும்."

சுத்தக்காற்றுப் பெட்டிக்குள் கத்தியைச் சுட்டு ஆறவைத்து, ஒரே நறுக்கு. கண்ணாடிக்கு வெளியே அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இப்ப ஒண்ணுமே இல்லியேம்மா!"

"இப்பதாண்ணே இருக்கு. இனி சாப்பாடெல்லாம் அதுக்குத்தான். இலை விட்டதும் சொல்றேன், அப்புறமா மரத்த வெட்டுங்க."

அண்ணன் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. மாலையில் போன் வந்தது.

"வெட்டிட்டேன்."

"ஐயோ, ஏண்ணே? இலை வரட்டும்னுதானே சொன்னேன்!"

"பக்கத்துத் தோட்டத்துல புதுக் கன்னு வச்சிருக்காங்க, எத்தன நாள் பாக்கறது? நீ மூடி மறைக்காம தப்புன்னு சொன்னே பாரு, அப்பவே நம்பிட்டேன்."

இனி உலகத்தில் அந்த மரம் என்பது குப்பிக்குள் இருக்கும் புள்ளி மட்டும்தான்.

"கன்னுக்குக் குழி வெட்டி வைங்கண்ணே," என்றாள்.