காதுகுத்துக்கு ஓடிவந்த ஜப்பான்காரர்

எந்த நாட்டுக்குப் போனாலும் காலையில் எழுந்து ஓடுகிற பழக்கம் எனக்கு உண்டு. பெட்டியில் வேட்டி சட்டை மடித்து வைக்கிறேனோ இல்லையோ, ஓடுகிற ஷூ முதலில் போய்விடும். "ஊர் பாக்கப் போற இடத்துல ஓட்டம் எதுக்கு? அங்க பஸ்ஸே கிடையாதா?" என்று என் மனைவி கேட்பாள். பஸ்ஸில் போனால் பார்க்க வேண்டிய இடங்களைப் பார்க்கலாம். ஓடிப் போனால் யாரும் நமக்குக் காட்ட நினைக்காததையெல்லாம் பார்க்கலாம். இதை எனக்குக் காட்டியவர் ஒரு ஜப்பான்காரர். அவருக்கு வெளிநாடு என்பது நம்ம மதுரைதான்.

எண்பதுகளில் நான் மதுரைக்குப் பக்கம் கப்பலூரில் ஒரு சிறிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். பிளாஸ்டிக் குடம் வார்க்கும் புது மிஷின் ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது. அதை மாட்டிக் கொடுக்க ஒரு இன்ஜினியரும் கூடவே வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. வந்த மறுநாளே விடியற்காலையில் அரைக்கால் சட்டையோடு கேட்டைத் தாண்டி ஓடிவிட்டார். வாட்ச்மேன் பதறிப்போய் மேனேஜரை எழுப்ப, மேனேஜர் பதறிப்போய் என்னை எழுப்பினார்.

"நீ ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல பரிசு வாங்குனவன்தானே?"

"மூணாவது பரிசு சார். சோப்பு டப்பா."

"அது போதும். நாளையிலருந்து அவரு கூட ஓடு. அந்தாளு தொலைஞ்சு போனா மிஷினை யாருய்யா மாட்டுறது?"

இப்படித்தான் நான் வழிகாட்டி ஆனேன். என்ன கஷ்டம் என்றால், வழிகாட்டிக்கே வழி தெரியாது. நான் மதுரைக்குள் செல்லூரில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். தறிச்சத்தம் கேட்கிற சந்துகளில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். கப்பலூருக்கு மேற்கே வயல் இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. மிஷின் வேலைக்காகக் கம்பெனியிலேயே தங்க வைத்திருந்தார்கள் என்பதால்தான் அந்த நேரத்தில் அங்கே இருந்தேன்.

அவருக்கு நாற்பது ஆங்கில வார்த்தைகள் தெரியும். எனக்கும் நாற்பது தெரியும். இரண்டு பேருக்கும் பொதுவானது பத்துதான்.

முதல் நாள் திருமங்கலம் ரோட்டில் புளியமர நிழலோரமாக ஓடினோம். பின்னால் வந்த டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"ஓடியாங்க, ஓடியாங்க! உங்களுக்காகத்தான் நிப்பாட்டியிருக்கோம்!"

நான் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் ஜப்பான்காரர் வேகமாக ஓடிப்போய், கண்டக்டருக்கு இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். இம்புட்டு மரியாதையாகக் கூப்பிடும்போது ஏறாமல் இருப்பது தப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. திருமங்கலத்தில் இறங்கித் திரும்பி ஓடிவந்தோம். மறுநாளும் இதே கதைதான். மூன்றாம் நாள் கண்டக்டர் என்னிடம் குனிந்து, "என்னண்ணே, இன்னைக்கும் போகையில சவாரி, வரையில ஓட்டமா?" என்றார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஜப்பான்காரரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

பஸ் வராத பாதையில் ஓடினால்தான் இவரைப் போகும்போதும் ஓட வைக்க முடியும் என்று முடிவு செய்தேன். நாலாம் நாள் ரோட்டைக் கடந்து மேற்கே ஒரு வண்டிப்பாதையில் இறங்கினோம். தை மாதப் பனி. பாதை ஒரு கண்மாய்க் கரையில் ஏறியது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் அறுத்துப் போட்ட நெல். கொக்குகள் எங்களைப் பார்த்துவிட்டு, பறக்கிற அளவுக்கு இவர்கள் முக்கியமில்லை என்பதுபோல் நின்றன. நான் மூச்சு வாங்குவதை மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டே ஓடினேன். வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் இப்படி ஒரு இடம் இருப்பது இருபத்துமூன்று வயது வரைக்கும் எனக்குத் தெரியாது.

கரை இரண்டாகப் பிரிந்தது. இடதா வலதா என்று அவர் என்னைப் பார்த்தார். நான் தெரிந்தவன் மாதிரி வலது பக்கம் கையைக் காட்டினேன். அரை மணி நேரத்தில் வழி சுத்தமாகத் தவறிவிட்டது. அப்போது எங்கிருந்தோ ரேடியோ செட் பாட்டு கேட்டது. பாட்டு இருந்தால் ஆட்கள் இருப்பார்கள், ஆட்கள் இருந்தால் வழி கேட்கலாம் என்று சத்தத்தைப் பார்த்து ஓடினோம்.

அங்கே ஒரு கோயில் வாசலில் பந்தல் போட்டு ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். அரைக்கால் சட்டையில் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்த எங்களைப் பார்த்ததும் நாலைந்து பேர் கம்போடு எழுந்தார்கள்.

"யாருப்பா விரட்டுறது? எத்தனை பேரு?"

"யாரும் விரட்டலண்ணே. சும்மா ஓடுறோம்."

"சும்மாவா? சும்மா எதுக்குய்யா ஓடுவாக?"

"உடம்புக்கு நல்லதுண்ணே."

"ஏன், மம்பட்டி எடுத்து வரப்பு வெட்டுனா உடம்புக்கு ஆகாதாக்கும்?"

கம்பைக் கீழே போட்டுவிட்டு எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். விஷயம் மெல்லப் புரிந்தது. ஒரு பெண் குழந்தைக்கு மொட்டை போட்டாயிற்று. அடுத்தது காதுகுத்து. ஆசாரி ஊசியோடு தயாராக இருக்கிறார். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் கோபித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்கிறார். பத்திரிகையில் அவர் பெயரை இரண்டாவது வரியில் போட்டுவிட்டார்களாம். கொண்டுவந்த சீர்த்தட்டுகளை எல்லாம் காலடியில் வரிசையாக வைத்துக்கொண்டு, கையைக் கட்டி, கண்மாயைப் பார்த்தபடி நின்றார். கிளம்பிப் போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

குழந்தையின் அப்பா மூன்று முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வேப்பமரத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"மாமன் வராட்டி என்ன இப்ப? கடல் தாண்டி ஒரு மாமன் ஓடியே வந்திருக்காரு. இவரு மடியில வச்சுக் குத்துங்க!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஜப்பான்காரர் என்னைப் பார்த்தார். தாய்மாமன் என்பதை என் நாற்பது வார்த்தைகளில் எதைக்கொண்டு சொல்வது? கையாலும் வாயாலும் முயன்றேன்.

"மதர் பிரதர். சிட். இயர். ஹோல்."

அவர் ஆசாரி கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார். பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் அவரையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஆசாரிக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது காதை நீட்டினார்.

ஆசாரி ஊசியைத் தாம்பாளத்தில் போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள். அடுப்படியில் இருந்த பெண்கள் கரண்டியோடு ஓடிவந்து சிரித்தார்கள். குழந்தையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஊரில், என்ன ஏது என்று தெரியாமல், கேட்டுவிட்டார்களே என்பதற்காக ஒரு மனிதர் காதையே கொடுக்கிறாரே என்றுதான் தோன்றியது. அவரைத் தூக்கி நிறுத்தி, குழந்தையைக் காட்டி, அதன் காதைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்ததும் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வேப்பமரத்தடியிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்த முகத்தை மறுபடி கோபமாக்குவது லேசான காரியம் இல்லை. தாய்மாமன் மீசையைத் தடவிப் பார்த்தார், இருமிப் பார்த்தார், முடியவில்லை. விறுவிறுவென்று பந்தலுக்குள் வந்தார்.

"எந்திரிங்கய்யா. எம் மருமகளுக்கு நான் இருக்கேன். பாவம், அவரு காதை ஏன் கெடுக்குறீக?"

"வா மாப்ள, வா," என்று குழந்தையின் அப்பா கையைப் பிடித்தார்.

"வாரேன், வாரேன். ஆனா பத்திரிகை விசயம் தனி. அதைப் பந்திக்குப் பெறகு பேசுவோம்."

குழந்தை மாமன் மடியில் இருந்து வீறிட்டது. காதுகுத்து நல்லபடி முடிந்தது. எங்களை விடவில்லை. முதல் பந்தியில், தாய்மாமனுக்கு அடுத்த இலையில் ஜப்பான்காரரை உட்கார வைத்தார்கள். கிடாக்கறியின் காரத்தில் அவருக்கு விக்கல் எடுக்க, மாமனே தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். பத்திரிகை பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்ட பிறகு எங்களால் ஓடவும் முடியவில்லை.

அவர்கள் ஏற்றிவிட்ட டிராக்டர் டிரெய்லரில் கம்பெனி வாசலில் போய் இறங்கினோம். மேனேஜர் வாசலிலேயே நின்றார். இன்ஜினியர் தலையில் உருமால் கட்டு, நெற்றியில் சந்தனம், கையில் வெற்றிலை பாக்குப் பை.

"ஓடப் போனவங்கதானே நீங்க?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

ஜப்பான்காரர் இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு, "வெரி குட் ரன்னிங்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லூர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்து முடித்துவிட்டு, அது எந்த ஊர் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அத்தனை நேரம் உட்கார்ந்து சாப்பிட்டவன் ஊர்ப் பெயரைக் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை விடியலில் நானே போய் ஜப்பான்காரரின் அறைக் கதவைத் தட்டினேன். அவர் பாதித் தூக்கத்தில் எட்டிப் பார்த்தார். நான் ஷூவோடு தயாராக நின்றேன்.