ஏதோ கஞ்சிக்கு ஓடுதுங்க

என் தாய்மாமனை மலாயாவுக்குள் விடக்கூடாது என்று எழுதிய தாளை நான் கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். டைப் அடித்த மூன்றே வரி. பிழைக்க வழியில்லாதவர். வந்த காரணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

மன்னார்குடிப் பக்கத்தில் இரண்டு வேலி, அதாவது பதிமூன்று ஏக்கருக்கு மேல், நஞ்சையும் ஒரு தென்னந்தோப்பும் வைத்திருக்கிற மனுஷனைப் பற்றி எழுதியது இது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமா சொன்ன பதில்களைத்தான் அவர் எழுதியிருந்தார். நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இப்போது நினைத்தாலும் மண்டை காய்கிறது.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கிள்ளான். அங்கேயே கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை முகூர்த்தம். நாங்கள் இருந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. நான் சிங்கப்பூர் காலேஜில் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதனால் எந்த வேலையானாலும் என் தலையில்.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். கல்யாணத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து வைக்கவேண்டும், அவர்தான் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவரவேண்டும். அம்மா முன்பே சொல்லிவிட்டார்: "எங்கண்ணன் வராம என் பொண்ணு மணவறை ஏற மாட்டா." சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர்.

மாமா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். நல்ல டிக்கெட் எடுத்து வாருங்கள் என்று நான் எழுதியிருந்தேன். அவர் டெக்கில், மேல்தளத்து மலிவு டிக்கெட்டில் வந்தார். கல்யாணத்துக்கு வைத்திருந்த புது வேஷ்டி அழுக்காகிவிடும் என்று, இருப்பதிலேயே பழசான வேஷ்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். டெக்கில் வந்தவர்களை வழக்கம்போல போர்ட் சுவெட்டன்ஹாமில் கொரன்டீன் முகாமில் சில நாள் வைத்திருந்து, அம்மை கிம்மை இல்லை என்று பார்த்து, பிறகு விசாரித்து வெளியே விடுவார்கள்.

ரப்பர் விலை விழுந்து எஸ்டேட்டுகள் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. வேலை போனவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். டெக்கிலிருந்து இறங்குகிற எந்தத் தமிழனைப் பார்த்தாலும் வேலை தேடி வந்தவன் என்றுதான் துரைமார் நினைப்பார்கள். இது எனக்குத் தெரியும். அதனால்தான் துரையிடம் காட்டச் சொல்லி, இவர் இன்னார், கல்யாணத்துக்கு வருகிறார், இவருக்குச் சொத்து உண்டு என்று இங்கிலீஷில் டைப் அடித்து ஒரு கடிதம் முன்பே அனுப்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாமாவைக் கூட்டிவர ரயிலில் போனேன். முகாம் ஆபீஸில் மொழிபெயர்க்கும் கிராணி ஒருவர் இருந்தார், நம்ம ஆள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு அந்தத் தாளை நீட்டினார்.

"ஒங்க மாமன நாளான்னைக்கு காலைல வர்ற கப்பல்ல திருப்பி ஏத்துறாங்க தம்பி."

"எதுக்கு சார்? அவரு பணக்காரரு."

"அப்படியா. நான் கேட்டேன், ஊர்ல என்ன சொத்துன்னு. 'என்னத்தங்க பெரிய சொத்து, ஏதோ கஞ்சிக்கு ஓடுதுங்க'ன்னாரு. எதுக்கு வந்தீருன்னு கேட்டேன். 'நல்லது கெட்டதுன்னா வந்துதானே ஆகணும்'னாரு. எப்ப திரும்பிப் போவீருன்னு கேட்டேன். 'வந்ததும் வராததுமா போற பேச்ச எடுக்கலாமா'ன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. நான் அப்படியே துரைகிட்ட சொன்னேன்."

"கஞ்சிக்கு ஓடுதுன்னா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். சொன்னதச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சொல்லாததச் சொல்ல இல்ல."

நான் மேஜையைத் தட்டி, காலேஜில் படித்த சட்டம் நியாயம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளைக் காலை பத்து மணிக்குத் துரை மறுபடி உட்காருவார், அப்பாவிடம் ஜாமீன் கடிதம் வாங்கிக்கொண்டு வா, ஆனால் மாமன் தன் வாயாலும் சொல்லியாகவேண்டும் என்றார்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மாமா தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பெட்டியை விட்டு எழுந்தால் யாராவது எடுத்துவிடுவார்களாம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா மாப்ள. என்ன இப்படி எளைச்சுட்ட?"

"மாமா, ரெண்டு வேலி நெலம் இருக்குன்னு சொல்றதுக்கு என்ன?"

அவர் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். "மெல்லப் பேசு. இங்க நாப்பது பேரு இருக்கான். பாதிப் பேரு நம்ம ஜில்லா. எல்லார் முன்னாடியும் நெலம் நீச்சுன்னு பீத்திக்கிட்டா கண்ணு படாதா?"

"பட்டா என்ன மாமா ஆகும்?"

"மேலத்தெருக்காரன் இப்படித்தான் நாலு பேரு முன்னாடி தன் மாட்டப் பத்திப் பெருமை அடிச்சான். மறுநா மாடு படுத்துக்கிச்சு."

"மாட்டுக்கு என்ன வந்துச்சு?"

"அத யாரு பார்த்தா? படுத்துக்கிச்சு."

நான் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சரி. நான் எழுதி அனுப்புன லெட்டரத் துரைகிட்ட காட்டுனீங்களா?"

"அதப் பத்திரமா வச்சிருக்கேன். பெட்டி அடியில, பட்டுப் பொடவைக்குக் கீழ. கசங்கக் கூடாதுல்ல."

நாளை துரை கேட்கும்போது இப்படி இப்படிச் சொல்லுங்கள் என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா ஜாமீன் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஒங்க மாமன் வாயத் தொறந்தாலும் கஷ்டம், தொறக்காட்டியும் கஷ்டம்" என்றார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "வந்த மனுஷன்கிட்ட எப்ப போறேன்னு கேட்டாங்களா? என்ன ஜனங்க?" அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. அக்கா, மடித்து வைத்திருந்த கூரைப்புடவையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

புதன்கிழமை பத்து மணி. துரை மின்விசிறிக்குக் கீழே, கிராணி பக்கத்தில். சுவர் ஓரமாக பெஞ்சில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தார். துரை அப்பாவின் கடிதத்தைப் படித்துவிட்டு, சரி, அவரே சொல்லட்டும் என்றார்.

கிராணி கேட்டார். "ஊர்ல ஒமக்கு என்ன சொத்து?"

மாமா பெஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏதோ இருக்குதுங்க. சாப்பாட்டுக்குக் கொறவில்ல."

கஞ்சியிலிருந்து சாப்பாட்டுக்கு உயர்ந்திருந்தார். அரைமணி நேரப் பாடத்துக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். துரை பேனாவை எடுத்தார்.

அப்போது நான் திட்டம் போட்டு எதுவும் பேசவில்லை. பொறுக்க முடியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமா, அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ஒண்ணுமில்லாதவருன்னு. தங்கச்சி மக கல்யாணத்துக்குக் கைய வீசிக்கிட்டு வந்தவருன்னு. நாளைக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க மாமன் எங்கன்னு கேப்பாங்க. சீர் குடுக்க வக்கில்லாம பாதி வழியிலேயே திரும்பிட்டாருன்னு சொல்லிர்றேன்."

மாமாவின் முகம் மாறியது. இத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"யாரு சொன்னான் வெறுங்கையின்னு?"

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். பெட்டியைத் துரையின் மேஜைமேலேயே தூக்கி வைத்துத் திறந்தார். அரக்குப் பட்டு ஒன்று. வெள்ளிக் குங்குமச்சிமிழ். அம்மாவுக்குத் தனியாக ஒரு சேலை, அப்பாவுக்கு ஜரிகை வேஷ்டி. தோப்புத் தேங்காய் நாலு. பிறகு மடியை அவிழ்த்து, வேஷ்டித் துணிக்குள்ளிருந்து ஒரு காசுமாலையை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பெட்டியின் அடியில் என் கடிதம், ஒரு மடிப்புக்கூடக் கலையாமல். அதற்கும் கீழே மஞ்சள் துணியில் கட்டிய காகிதக் கட்டு.

"அது என்ன?" என்றார் கிராணி.

"நெலத்துப் பட்டாவும் கிஸ்து ரசீதும். வீட்ல வச்சுட்டு வந்தா பங்காளி சும்மா இருப்பானா?"

நிலத்துக்கான முத்திரை போட்ட சர்க்கார் அத்தாட்சி, கட்டிய வரிக்கு ரசீது, எல்லாவற்றையும் கடல் தாண்டித் தூக்கிவந்திருக்கிறார். கப்பலிலும் முகாமிலுமாக அதன்மேலேயே ஒன்பது நாள் உட்கார்ந்திருக்கிறார். ஏதோ கஞ்சிக்கு ஓடுதுங்க என்று சொன்னபோதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்தேன்.

துரை காகிதங்களைப் புரட்டிவிட்டு ஏதோ கேட்டார். கிராணி மாமாவின் பக்கம் திரும்பி, "எப்ப திரும்பி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குறுவை எப்ப அறுப்பு?"

"பொரட்டாசி கடைசிங்க."

"யாரு பார்த்துக்குவா?"

"யாரு பார்ப்பா? நான்தான். நான் வரப்புல நிக்காட்டி பங்காளி பாதிய அள்ளிட்டுப் போயிருவான்."

கிராணி துரையிடம், அறுவடைக்கு முன் கட்டாயம் திரும்பிவிடுவார், இல்லாவிட்டால் விளைச்சல் பறிபோகும் என்று சொன்னார். துரை சிரிக்கவில்லை. அந்த மூன்று வரிக்குக் குறுக்கே கோடு போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். மாமா காசுமாலையை வேகமாக எடுத்து மடியில் செருகிக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணு படுமாம்.

வெளியே வந்ததும் கிராணியைப் பிடித்துக்கொண்டேன். "நேத்தே இப்படிக் கேட்டிருந்தா என்ன சார்?"

"நேத்து அம்பது பேரு தம்பி. அம்பது பேரும் கஞ்சிதான் குடிக்கிறேங்கிறான். எவன் நெசமாவே குடிக்கிறான், எவன் பட்டா மேல உக்காந்துக்கிட்டு குடிக்கிறான்னு நான் எத வச்சுப் பார்ப்பேன்?"

அவர் உள்ளே திரும்பிப் போனார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். என் வயதுதான் இருக்கும். கதவு வழியாகக் குரல் கேட்டது: "ஏதோ கஞ்சிக்கு ஓடுதுங்க." அவனிடம் பெட்டி இல்லை. ஒரு துணி மூட்டைதான். அடுத்து பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது.

கிராணி மறுபடி வெளியே வந்ததும் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். கோபத்தில்தான் கூப்பிட்டேன், ஆனாலும் உண்மையாகத்தான் கூப்பிட்டேன். வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில் மாமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ரப்பர் மரங்களை எண்ணுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீ பேசுன பேச்சுக்கு ஒன்ன ரெண்டு சாத்து சாத்தணும் மாப்ள," என்றார். "சீர் குடுக்க வக்கில்லன்னா சொன்ன?"

"வேற வழியில்ல மாமா."

"துரை முன்னாடி சொல்லிட்டே. சம்பந்தி முன்னாடி சொல்லிராத."

வெள்ளிக்கிழமை அவர்தான் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அம்மா அழுததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கிராணி ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பந்தியில் எனக்கு எதிரே உட்காரவைத்தார்கள்.

மாமாவுக்குப் பக்கத்து இலையில் சம்பந்தி. ரசம் ஊற்றுகிற நேரத்தில் அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"மச்சானுக்கு ஊர்ல விவசாயம்தானே? வருமானமெல்லாம் எப்படி?"

மாமா சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார். "என்னத்தங்க. ஏதோ கஞ்சிக்கு ஓடுது."

"அப்படியா. இன்னும் எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

"வந்ததும் வராததுமா என்னங்க போற பேச்சு."

கிராணி கையை இலையிலேயே நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் குனிந்து அப்பளத்தை நொறுக்கினேன்.