திருப்பூரில் ஒரு தையல் வகுப்பு

வேலம்பாளையம் காலனியில் குடியிருக்கும் வேலாத்தாள், இருபது வருஷமாகப் பனியன் கம்பெனி டெய்லர். வாரமெல்லாம் தைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுத் துணி துவைப்பாள். அன்று பார்த்துத்தான் தலைமைப் பண்புப் பயிற்சி எடுக்கும் குழுவொன்று சமூக சேவை செய்ய வந்து இறங்கியது. என்ன சேவை? காலனிப் பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பாம். திருப்பூரில்!

துவைத்த ஈரக் கையோடு அவளை இழுத்துப்போய், மெஷின் முன்னால் உட்கார வைத்து வீடியோ எடுத்தார்கள். “இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க, அக்கா?” என்று குழுத் தலைவி உருகினாள்.

“நீங்க போட்டிருக்கற டீ-சர்ட்டத் தெச்சுட்டு இருந்தனுங்க, கண்ணு.”

பயிற்சி முடிவில், சிறந்த சேவைக்கான கேடயம் அந்தக் குழுவுக்குத்தான். வீடியோவில் அவள் பேச்சை வெட்டிவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதியிருந்தார்கள்: ‘கைத்தொழில் தெரியாத பெண்ணுக்கு வாழ்வளித்தோம்.’