வெண்டல் ப்ரவுட்டி வாங்கிய புத்தம் புதுசு

வெண்டல் ப்ரவுட்டி கடைக்குள் போய் எதையும் விலை கொடுத்து வாங்கியதே இல்லை என்று யாராவது சொன்னால், அதை அவன் பாராட்டாக எடுத்துக்கொள்வான். எங்கள் டெர்ரே ஹோட் ஊரில் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. பாராட்டாகச் சொன்ன ஆளும் கிடையாது.

சனிக்கிழமையானால் ஊரில் பத்து வீடாவது கார் ஷெட்டைத் திறந்து, பழைய சாமான்களை மேசையில் பரப்பி விற்பார்கள். எட்டு மணிக்குத் தொடக்கம் என்று போர்டு வைத்தால் வெண்டல் ஆறரைக்கே வாசலில் காபி ஃபிளாஸ்கும் கையுமாக நிற்பான். வீட்டுக்காரி இரவு உடையோடு கதவைத் திறந்து, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கெஞ்சினாலும் நகரமாட்டான். ஒவ்வொரு சாமானையும் இரண்டு விரலால் தூக்கி மோந்து பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், கீழே வைப்பான், நாலு வீடு தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்து அதே சாமானைப் பாதி விலைக்குக் கேட்பான். ஒரு முறை புருஷனைப் புதைத்து மூன்று வாரம் ஆன ஒரு பெண்ணிடம், அந்த மனுஷன் வைத்திருந்த டிரில் மெஷினுக்கு மேலும் கால் டாலர் குறைக்கச் சொல்லி இருபது நிமிடம் வாதாடினான். அவள் அழுதுகொண்டே குறைத்தாள். அந்தக் கதையை அவன் பத்து வருஷமாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முழு விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அவன் வைத்த பெயர் இளிச்சவாயர்கள். இந்த உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் அதுதான் என்பது அவனுடைய திடமான நம்பிக்கை. ஹீட்டர் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிட்டது. வீட்டில் வாஃபிள் பலகாரம் சுடுகிற மெஷின்கள் நான்கு இருந்தன. நான்கில் ஒன்றுகூடச் சூடாகாது.

இந்த மகானுக்குப் பிள்ளையாகப் பிறந்தவள் டார்லா, ஒரே மகள். ஆறு வயதில் அவளுக்குக் கிடைத்த சைக்கிளின் கைப்பிடியில் வேறொரு குழந்தையின் பெயர்த்தகடு திருகப்பட்டிருந்தது. கேக்கில் குத்திய மெழுகுவர்த்திகள் யாரோ பாதி எரித்தவை. பள்ளி நடனத்துக்குப் போட்ட செருப்பின் உள்ளே அடுத்தவளின் குதிகால் தடம் குழிந்திருந்தது. அதையெல்லாம் கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பரிசையும் கையில் கொடுக்கும்போதே அவன் விலையையும் சேர்த்துச் சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கடையில் அறுபது, எனக்கு நாலு என்பான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான், கைதட்டலுக்குக் காத்திருக்கிறவனைப் போல.

டார்லா வளர்ந்து ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கர்டிஸ், மருந்துக்கடைக்காரர் வோஸ்லரின் மகன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் அப்பா வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். அம்மா பெர்னடீன் காபி ஊற்றினாள். டார்லா காபியைத் தொடவில்லை.

"அப்பா, எனக்கு நீ இதுவரைக்கும் புதுசா ஒண்ணுமே வாங்கிக் குடுத்ததில்ல. நான் கேட்டதும் இல்ல. இப்ப கேக்குறேன். கல்யாணத்துக்கு ஒரே ஒரு சாமான், கடைக்குப் போயி எனக்குன்னு நீ வாங்கணும். மரக்கரண்டியா இருந்தாலும் பரவாயில்ல. வேற யாரு கையும் பட்டிருக்கக் கூடாது."

வெண்டல் சிரித்தான். மரக்கரண்டி தன்னிடம் டப்பா நிறைய இருப்பதாகச் சொன்னான்.

"சிரிக்காத. இது ஒண்ணு உன்னால முடியலேன்னா, சர்ச்சுல நீ என் கையப் புடிச்சுக்கிட்டு நடக்க வேண்டாம். அம்மா நடக்கட்டும்."

இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னாள். அவள் போன பிறகு வெண்டல் வெகுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மகளைச் சர்ச் வாசலிலிருந்து பலிபீடம் வரை கைப்பிடித்து அழைத்துப் போகிற அந்த நடையை அவன் மிகவும் விரும்பினான். அதற்கென்று ஒரு கோட்டுகூட வாங்கி வைத்திருந்தான், செத்துப்போன ஒரு வக்கீலின் வீட்டிலிருந்து. அந்த நடை வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும். கடை ஒன்றரை மைல் தூரத்தில் இருந்தது. போனானா? போவதற்கு அவன் மனிதனாக இருந்திருக்க வேண்டும்.

அவன் போனது வாடகைக் கிடங்கு ஏலத்துக்கு. வீட்டில் இடமில்லாத சாமான்களை ஆட்கள் நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கில் அறை பிடித்துப் போட்டு வைப்பார்கள். வாடகை நின்றுபோனால் கிடங்குக்காரன் பூட்டை வெட்டி, அறையை அப்படியே ஏலம் விடுவான். ஷட்டரைத் தூக்கியதும் எல்லாரும் வாசலில் முண்டியடித்து நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. அடுத்தவன் வாழ்க்கை சரிந்து கிடப்பதை ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்து விலை சொல்கிற இந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. டெலிவிஷனில் காட்டத் தொடங்கிய பிறகு பிள்ளை குட்டியோடும் வருகிறார்கள்.

அன்றைக்கு மூன்றாவதாகத் திறந்த அறையில் ஈரம் குடித்த மெத்தை, குழந்தைத் தொட்டில், குப்பைப் பைகளில் துணிகள், ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தன. ஃப்ரிட்ஜின் மேல் ஒரு பெட்டி. வெள்ளைக் காகிதம் சுற்றி, வெள்ளி ரிப்பன் கட்டி, முடிச்சில் காகித மணிகள் தொங்கின. இண்டியானாபொலிஸின் பெரிய கடை ஒன்றின் முத்திரை மூலையில் ஒட்டியிருந்தது. யாருக்கோ வந்த கல்யாணப் பரிசு, பிரிக்கவே இல்லை. வெண்டல் கணக்குப் போட்டான். கடைச் சாமான், யார் கையும் படாதது. கடைக்குப் போகவும் வேண்டாம்.

இந்தத் தொழிலில் டார்ச் வெளிச்சத்தை வேண்டிய பொருள்மேல் நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் அடுத்தவன் விலையை ஏற்றிவிடுவான். வேண்டாத மெத்தையைக் காட்ட வேண்டும், தொட்டிலைக் காட்ட வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயத்தை ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வெண்டல், அன்றைக்குப் பெட்டியின்மேல் வெளிச்சத்தை வைத்தவன் எடுக்கவே இல்லை. பக்கத்தில் லாய்ட் கிம்பல் பல்குச்சியை மென்றுகொண்டு அதைப் பார்த்தான். லாய்டும் பழைய சாமான் வியாபாரிதான். வெண்டல் சிரிப்பதை இருபது வருஷமாகக் கேட்டு நொந்தவன்.

அந்த அறைக்கு எண்பது டாலர் அதிகம். எண்பதில் மற்றவர்கள் எல்லாரும் கழன்றுகொண்டார்கள். லாய்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு விரலைத் தூக்கினான். இருநூறு தாண்டியது, முந்நூறு தாண்டியது. கூட்டம் வேடிக்கை பார்க்க நெருங்கி வந்தது.

"யோவ் வெண்டல், அந்த மெத்த மேல உனக்கு இவ்வளவு ஆசையாய்யா?" என்றான் லாய்ட்.

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலின் காது சிவந்தது. அடிமாட்டு விலைக்கே வாங்கிப் பழகிய வாய், தானாக ஏறிக்கொண்டே போனது. அறுநூற்று நாற்பதில் லாய்ட் பல்குச்சியைத் துப்பிவிட்டு, எடுத்துக்கொள் என்று கையை விரித்தான். வெண்டல் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தபோது கிடங்குக்காரனுக்கே பாவமாக இருந்தது. மெத்தையைக் குப்பைக் கிடங்கில் கொட்ட அதற்குமேல் தனியாகக் காசு அழுதான். வரும் வழியில் அந்தக் கடையைத் தாண்டித்தான் வந்தான். அங்கே மரக்கரண்டி இரண்டு டாலர்.

வீட்டில் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த சின்ன உறையைப் படிக்காமலே கிழித்தெறிந்துவிட்டு, தன் பெயர் எழுதிய அட்டையை ஒட்டினான். கொடுத்த விலையை பெர்னடீன் அவன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் பாவம்.

"சரி, போனது போகட்டும். உள்ள என்ன இருக்குன்னாவது பிரிச்சுப் பாத்துடு வெண்டல்."

"பிரிச்சா அது பழசு. பிரிக்காத வரைக்கும்தான் புதுசு. இதுகூடத் தெரியாம என்கூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்க."

பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்பது பழைய சாமான்காரர்களின் வேதவாக்கு. மறுபடி விற்கிறவனுக்கு அது சரிதான். வெண்டலுக்கு மகளுக்குக் கொடுப்பதும் மறுபடி விற்பதும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் பெண்கள் கூடி மணப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கிற விருந்து நடந்தது. அதற்கு ஆண்கள் வருவதில்லை. வெண்டல் நாற்காலி அடுக்க உதவுகிற சாக்கில் வந்து, சமையல் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றான். ஹாம் சாண்ட்விச்சும் பழரசமும் தீர்ந்த பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பரிசையும் டார்லா நடுவில் வைத்துப் பிரிப்பாள். தோழி வழக்கப்படி ரிப்பனை வாங்கிக் காகிதத் தட்டில் ஒட்டுவாள். பிரித்த சாமான் வட்டத்தில் கைமாறிக் கைமாறிப் போகும், எல்லாரும் ஆகா என்பார்கள்.

வெள்ளைப் பெட்டியின் அட்டையை டார்லா படித்தாள். கடையின் முத்திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து கதவுப் பக்கம் தேடி அவனைப் பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"இது எங்கப்பா கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தது," என்றாள் வட்டத்தைப் பார்த்து. அவனைத் தெரிந்த பெண்கள் நம்ப முடியாமல் கைதட்டினார்கள். வெண்டல் தலையை ஆட்டி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டான். கொஞ்சமும் கூசவில்லை.

உள்ளே நீல வெல்வெட் பேழை. அதில் கேக் வெட்டுகிற வெள்ளிக் கத்தியும் எடுத்துப் பரிமாறுகிற வெள்ளிக் கரண்டியும் இருந்தன. டார்லாவுக்கு முகம் மலர்ந்தது. கத்தியை வெளியில் எடுத்துத் திருப்பினாள். பிறகு சட்டென்று உள்ளே வைத்து மூடியை அமுக்கினாள். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா அனெட் வோஸ்லர் கையை நீட்டிவிட்டாள்.

"எவ்வளவு அழகு. இப்படிக் குடும்மா, நாங்களும் பாக்குறோம்."

டார்லா கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அனெட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்தியை உயர்த்தி, அதில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தாள். அவள் கெட்டவள் இல்லை, விவரம் புரியாமல்தான் கேட்டாள்.

"இது யாரும்மா, ட்ரென்ட், மாலரி? ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு."

பேழை அடுத்த மடிக்குப் போனது, அதற்கடுத்த மடிக்குப் போனது. ஒவ்வொருத்தியும் திறந்து படித்துவிட்டு மூடி நகர்த்தினாள். ஒருத்தி மட்டும் பழக்க தோஷத்தில் ஆகா என்றாள். டார்லா அடுத்த பரிசை எடுத்துப் பிரித்தாள், அதற்கும் சிரித்தாள், கடைசிப் பரிசு வரைக்கும் சிரித்தபடியே இருந்தாள்.

பெர்னடீன் சமையலறைக்குள் வந்து புருஷனைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"அவ இங்க வருவா. நீ குடுத்த விலைய அப்படியே சொல்லு. பைத்தியக்காரத்தனமா இருந்தாலும் அவளுக்காகக் கையில இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கேன்னு தெரிஞ்சா அவ மன்னிச்சுடுவா. உனக்கு இனி இருக்குறது அது ஒண்ணுதான், வெண்டல்."

அவள் சொன்னது சத்தியமான உண்மை. அவன் வாழ்நாளில் யாருக்காகவும் செய்த ஒரே செலவு அது. அதைச் சொன்னால் மகள் கிடைப்பாள், ஆனால் அவள் முன்னால் இளிச்சவாயன் ஆக வேண்டும். லாய்ட் கிம்பலிடம் ஏமாந்த கதை அவள் வாய்க்குப் போகும், மாப்பிள்ளை காதுக்குப் போகும்.

டார்லா உள்ளே வந்தாள், கையில் பேழையோடு. கோபம் இல்லை அவள் முகத்தில். ஏதோ ஒரு நல்ல பதிலுக்காகக் காத்திருக்கிற முகமாகத்தான் இருந்தது.

"அப்பா, இதுக்கு எவ்வளவு குடுத்த?"

பெர்னடீன் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறிவிட்டான். அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"மொத்த ரூமும் சேத்துப் பதினஞ்சு டாலர். இது ஓசியில வந்த மாதிரிதான். கடையில போயி விசாரிச்சுப் பாரு, முந்நூறுக்குக் கம்மியாக் கிடைக்காது."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

டார்லா தலையசைத்தாள். பேழையை மேசைமேல் வைத்து, பையைத் திறந்து இருபது டாலர் நோட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தா. உனக்கு நஷ்டம் வேண்டாம். அம்மா, சனிக்கிழமை நீ என்கூட நட."

வெண்டல் ஏதாவது சொல்வான் என்று பெர்னடீன் பார்த்தாள். அவன் பர்ஸைத் துழாவி ஐந்து டாலர் மீதி எடுத்து நீட்டினான். டார்லா அதையும் வாங்கிக்கொண்டு, அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு, கூடத்துக்குப் போகிற நீளமான நடைவழியில் மெதுவாக நடந்தாள். கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் அவள் நின்றிருப்பாள். வெண்டல் அந்த இருபது டாலரை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.