கரெண்டு இருக்கும்போது நின்ற தறி

திருப்பதி கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்டது எந்த நிறம் வேண்டும் என்று. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்க வந்தவள் நான். எத்தனை ஜிபி, வாரண்டி எப்படி, தனியாக அடாப்டர் வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சிவப்பாக ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து, லேடீஸ் எல்லாம் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் சயன்ஸில் பி.டெக். கறுப்பை வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான நகரிக்கு பஸ் ஏறினேன்.

அந்த டிஸ்க் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கடைசி வருட புராஜெக்டுக்காக, தறியில் நெய்து இறங்கும் துணியை வீடியோ படம் பிடித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கிற மாதிரி செய்திருந்தேன். படம் பிடித்தது எங்கள் வீட்டு விசைத்தறியில்தான். சென்னையில் ஒரு கம்பெனி, திங்கட்கிழமை வந்து ஓட்டிக் காட்டு, சரியாக இருந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. ஆனால் எல்லாம் கிடந்தது வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில். அதன் டிஸ்க்கோ கொஞ்ச நாளாக உள்ளே டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக், இது என்றைக்கு வேண்டுமானாலும் போகும், இருப்பதை வெளியே எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாங்கியது சுலபம். கம்ப்யூட்டரின் முன்பக்கம் சொருகினால் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. போதுமான பவர் இல்லை. மேசைக்கு அடியில் ஒட்டடைக்குள் தலையை விட்டுப் பின்பக்கம் சொருகினேன். டிஸ்க் தெரிந்தது. படத்தை இழுத்துப் போட்டால், ஃபைல் பெரியது, முடியாது என்றது. ஐந்நூறு ஜிபி காலியாகக் கிடக்கிறது, எட்டு ஜிபி பெரியதாம். டிஸ்க் வந்த ஃபார்மட் அப்படி, நாலு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. அதை மாற்றி ஃபார்மட் செய்தேன். மறுபடி போட்டேன். பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, கடைசியில் டிஸ்க்கே காணவில்லை என்று ஒரு செய்தி வந்தது.

வேறு கேபிள் போட்டுப் பார்த்தேன், வைரஸ் தேடினேன். மறுநாள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கே போனேன். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் சொருகி ஒரு முழு சினிமாவை என் கண்ணெதிரில் ஏற்றி இறக்கிக் காட்டினார். பிறகு, வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆண்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். தெரிந்த ஆள் நான்தான் என்றேன். மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்ட பிறகு வேறு டிஸ்க் கொடுத்தார். அதுவும் வீட்டுக்கு வந்ததும் அதே இடத்தில் நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனாவும் அம்மாவும் தறிகளை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தார்கள். பச்சைக் கோடு திடீரென்று ஓட ஆரம்பித்தது. அவர்கள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள், நாலு தறியும் அடிக்க ஆரம்பித்தன, கோடு நின்றது. மேசை மேல் கையை வைத்தேன். மேசை நடுங்கியது. சுவரைத் தொட்டேன். சுவரும். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறேன். தரை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தலையணை மேல் வைத்தேன், அரிசி மூட்டை மேல் வைத்தேன். கேபிள் எட்டுகிற இடமெல்லாம் அதிர்ந்தது. டீ நேரம், சாப்பாட்டு நேரம் பார்த்துச் சின்ன ஃபைல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிட்டேன். படம் மட்டும் பாக்கி. அது ஒரே ஃபைல்; கிழடு தட்டிப்போன அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரமாவது ஒரே மூச்சில் ஓட வேண்டும்.

அந்த வருஷங்களில் கரெண்டு வருவதே பாதி நாள். வருகிற நேரத்தில், ராத்திரியானாலும், டீக்கும் சாப்பாட்டுக்கும் தவிர தறியை நிறுத்துகிற ஆள் எங்கள் தெருவில் கிடையாது. கரெண்டு போனால் தறி நிற்கும். ஆனால் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். அதை ஒழுங்காக அணைப்பதற்குள் யூபிஎஸ் மூச்சை விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தறி அறைக்குப் போய், ஒரு மணி நேரம் தறி நிற்கணும் என்று நைனாவிடம் சொன்னேன்.

"கரெண்டு போனா நிக்கப்போவுது. அப்ப எடுத்துக்கோ."

"கரெண்டு போனா கம்ப்யூட்டரும் நின்னுடும் நைனா."

"அது உன் பொட்டியோட தப்பு. என் தறி இன்னா பண்ணும்?" என்றார். பிறகு, "இந்தச் சத்தத்துலதான் நீ தூங்கின, படிச்ச, பாஸ் பண்ண. சோப்பு டப்பா மாதிரி இருக்குது, அதுக்கு மட்டும் ஆவாதா?"

"உள்ள ஒரு தட்டு சுத்துது. அதும் மேல படாம ஒரு முள்ளு ஓடுது. ஆட்டினா முள்ளு வழி தப்பிடும்."

அவர் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நூல் கொடுக்கிறவர் நாளைக்குத் துணி கேட்டு வந்து நிற்பார் என்பது மட்டும் காதில் விழுந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. நடந்துபோய் முதல் தறியின் கைப்பிடியை இழுத்தேன். இரண்டாவதை, மூன்றாவதை. நாலாவதை அம்மா நிறுத்தினாள். நைனா எங்கள் இருவரையும் பார்த்தபடி லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

நான் மேசைக்கு வருவதற்குள் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றாள். கரெண்டு இருக்கும்போது, வேலை நேரத்தில், எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தறி மொத்தமாக நிற்பது சாவு விழுந்தால்தான்.

"யாருண்ணா போனது?" என்றாள்.

"யாரும் போவல. எம் பொண்ணு சென்னைக்குப் போவுது" என்றார் நைனா. அந்தப் பதில் அவருக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அவள் போகவில்லை. உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர், நைனாவை மாமா என்று கூப்பிடுகிறவர், வந்தார். கோடு ஊர்ந்தது, ஆனால் நடுநடுவே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இவர் வீட்டுத் தறி ஓடுகிறது என்று சொன்னேன்.

"உன் பொண்ணு பொட்டிக்கு என் தறி நிக்கணுமா மாமா?"

"உள்ள தட்டு சுத்துதுய்யா. முள்ளு வழி தப்பிடும்" என்றார் நைனா, கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவர் மாதிரி. "என் தறிய நிறுத்திப்புட்டு உன் தறியால கெட்டா எனக்கு எப்படி இருக்கும்? போய் நிறுத்து."

அவர் முனகிக்கொண்டே போய் நிறுத்திவிட்டு வந்து, அவரும் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சதவீத நம்பரும் மாறும்போது யாராவது ஒருவர் உரக்கப் படித்தார். இதைவிட வேகமாக நத்தை போகும் என்றாள் எதிர்வீட்டு அக்கா. நூறு வந்ததும் நைனா எழுந்தார்.

"இரு நைனா, இன்னும் டிஸ்க்க வெளிய எடுக்கல. எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்குது."

அந்த முறைப்படி அழுத்தினேன். டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது, இப்போது நிறுத்த முடியாது என்று வந்தது. திரையில் திறந்திருந்த எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே.

"இன்னாவாம்?"

"நிறுத்த முடியாதாம்."

"நாலு தறிய நிறுத்தினேன். பக்கத்து வூட்டுத் தறியயும் நிறுத்தினேன். இத்தினியூண்ட நிறுத்த முடியாதா?" என்றார் நைனா.

கம்ப்யூட்டரையே அணைத்துத்தான் அதை வெளியே எடுத்தேன். மேசைக்கு அடியிலிருந்து நான் நிமிர்வதற்குள் ஐந்தாறு தறி சேர்ந்து அடிக்க ஆரம்பித்தன.

திங்கட்கிழமை சென்னை பஸ்ஸில், சுற்றாத டிஸ்க்கை ஆட்டம் ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும், வழி முழுக்க மடியில் பிடித்துக்கொண்டே போனேன். கம்பெனியின் ஏசி அறையில் படம் ஓடியது. எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் எழுந்ததும் பார்க்க உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். அறுந்த இழைமேல் சிவப்புக் கட்டம் சரியாக விழுந்துகொண்டே வந்தது. ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மேசை மேல் கையை வைத்திருந்தேன். அது கொஞ்சம்கூட அசையவில்லை.