கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மகள்

துனிசியப் பாலைவனத்தில் ஐந்து நாள் ஓட்டம் என்று மகள் சொன்னபோது, அவள் மட்டும் போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். நாங்கள் இருக்கிற பலேர்மோவில், கால்சாக் கடற்கரையில் தினமும் விடிய எழும்பி ஓடுகிறவள். இளம் வயதும்கூட. ஆனால் அவள் எங்களைக் கேட்காமலே மூன்று பேரைப் பதிந்துவிட்டாள்: தன்னை, என்னை, என் அண்ணனை.

நான் லிபெர்த்தா வீதியில் வீடுகள் துப்புரவு செய்கிறவள். அண்ணன் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பெல்லெக்ரீனோ மலைக் கோயிலுக்கு நடந்து ஏறுவோம். அதைவிட எங்களுக்கும் ஓட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"மலையே ஏறுறீங்கள். அங்கை வெறும் மணல்தானே," என்றாள் மகள்.

"ஓம், மணலிலை என்ன இருக்கு," என்று அண்ணன் தலையாட்டிவிட்டார்.

மணலில் என்ன இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. வைத்த கால் பாதி தூரம் பின்னால் வழுக்கும். ஏற்றங்களில் தவழ்ந்தோம். சமதரையில் நடந்தோம். இறக்கங்களில் மட்டும், நிற்க முடியாததால், ஓடினோம். மகள் ஒவ்வொரு நாளும் முன்னால் ஓடிப் போய்விடுவாள். பின்னேரம் நாங்கள் கூடாரத்துக்கு வந்து சேர, ஊசியோடு காத்திருந்து எங்கள் கால் கொப்புளங்களை உடைத்து மருந்து கட்டுவாள்.

மூன்றாம் நாள் அண்ணனின் சப்பாத்து வாயைப் பிளந்தது. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம். நடக்கும்போது அது டப் டப் என்று கதைக்கத் தொடங்கியது. நான் சிரித்தேன்.

"சிரிக்காதையடி. நீ சிரிச்சா எனக்கும் வருது, பிறகு மூச்சு வாங்குது."

அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன். அவரும் மணலில் குந்திவிட்டார். வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்துகொண்டே சிரித்தோம்.

கடைசி நாள் எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஒரு ஒட்டகமும் அதை நடத்தி வந்த மனிதரும்தான். அந்த ஒட்டகம் முந்தினால் நாங்கள் போட்டியிலிருந்து வெளியே என்பது சட்டம். அதன் மூச்சு என் பிடரியில் பட்டது.

"அண்ணை, இது எங்களை முந்தப் பாக்குது!"

"விடாதை, ஓடு!"

இருபது வருடமாக ஒரு பஸ்ஸுக்குக்கூட ஓடாத அண்ணன் ஓடினார். நானும் ஓடினேன். கடைசி மேட்டில் ஏறியபோது முடிவு வளைவு தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு உருவம் மணலில் கிடந்தது. மகளின் சிவப்புத் தொப்பி. எப்படி அந்த மேட்டிலிருந்து இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கிட்டப் போனால், அவள் தன் பையின்மேல் சாய்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கால்விரலுக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது. ஒரு பிரெஞ்சுக்காரி அவளுக்குக் குடை பிடித்தாள். போட்டி நடத்துகிறவர் தலையில் கையை வைத்தபடி நின்றார். மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டாளாம். எவ்வளவு கெஞ்சியும் கோட்டைத் தாண்டவில்லையாம்.

"விசரி! முன்னுக்கு வந்திருப்பாயே!" என்று அண்ணன் கத்தினார்.

"மூண்டு பேருமாத்தான் தாண்டுவன் எண்டு சொல்லிப்போட்டன், மாமா. என்னை எழுப்பிவிடுங்கோ, கால் விறைச்சுப்போச்சு."

உண்மையாகவே அவளால் எழும்ப முடியவில்லை. நான் ஒரு கையை, அண்ணன் மறு கையைப் பிடித்துத் தூக்கினோம். அந்தக் கூட்டத்திலேயே மெதுவான இரண்டு பேர், வேகமான ஒருத்தியை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினோம். அண்ணன் வானத்தைப் பார்த்து "அரோகரா!" என்றார். என்னவென்று தெரியாமலே முழுக் கூட்டமும் "அரோகரா!" என்றது. பின்னால் வந்த ஒட்டகத்துக்கும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது விக்கல்.

கப்பல் பலேர்மோவுக்கு வந்தபோது என் கணவர் கரையில் நின்றார். எங்கள் முழங்கால்கள் படியிறங்க மறுத்தன. அதனால் மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி இறங்கினோம். அண்ணனோடு வேலை செய்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு விசிலடித்தார்கள்.

"என்ன, பின்பக்கமா வாறியள்?" என்று கணவர் கேட்டார்.

மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது. பிறகு எனக்கு. பிறகு அண்ணனுக்கு. கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். கணவர் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தார். எங்களைப் பார்த்தார். பிறகு தானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாங்கள் சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தார்.