ஏழாம் கேபினின் மூன்று மணி அழைப்பு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், கிதர் முகம்மது பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் பதினோரு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பன்னிரண்டாவதாக ஒன்றும் இருந்தது. அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டும் பாதி நாள் கிடையாது. மூலையில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், தரையில் கிடந்து உறுமிக்கொண்டிருக்கும். பழுதாகிப் போன மிஷின் என்று நினைத்து அதன்மேல் காய்கறிப் பையை வைத்துவிட்டு உட்காருகிறவர்கள் உண்டு. அப்படி வைத்தவர்களை, அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்ட ராபின் ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், அடுத்த முறை பையை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள்.

ராபின் அந்தப் பெட்டிக்காகத்தான் பிறந்தான் என்று அவன் மனைவி ரூபி வாய்விட்டே சொல்லுவாள். மேட்டுப்பட்டிக்காரன், இயற்பியல் படித்துவிட்டு, படித்ததற்குச் சம்பந்தமில்லாத நாலைந்து வேலைகளில் முட்டிமோதிவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை வைத்துக்கொண்டு தானாகக் கற்றவன். பாய் கழித்துப்போட்ட பழைய பென்டியத்தில் அதை ஏற்றி, வெளியுலகத்துக்கும் சென்டருக்கும் நடுவே வாசலாக உட்காரவைத்தான். கேபின்கள் ஒரு பக்கம். மொட்டை மாடிகள் வழியாக வயர் இழுத்து இணைப்புக் கொடுத்திருந்த ஒன்பது கடைகள் இன்னொரு பக்கம். யார் எங்கே போனாலும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இருந்ததோ ஒரே ஒரு குறுகலான லைன். அதை இருபது பேருக்குப் பங்கு வைப்பது கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற வேலை. பாட்டு இறக்குகிற காலேஜ் கூட்டத்துக்கு ஒரு கரண்டி, மெயில் பார்க்கிறவருக்கு இரண்டு, குரலில் பேசுகிறவர்களுக்கு முதல் பந்தி, தலைவாழை இலை. இதையெல்லாம் கறுப்புத் திரையில் வரிவரியாக எழுதி வைத்திருந்தான். 'எம் பெட்டி இருக்கிற வரைக்கும் பேச்சு உடையாது' என்று பீற்றிக்கொள்வான்.

உண்மையைச் சொன்னால், உடையத்தான் செய்தது. வளைகுடா நாடுகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு மத்தியானம் கேபின் கேபினாக ஜனம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'ஹலோ, ஹலோ, கேக்குதா' என்று கத்தும். ஜெய்தூன் பீவி தன் மாப்பிள்ளையிடம் கத்துகிற கத்தல் கீழே மருந்துக்கடைவரை கேட்கும். ஏழாம் கேபினில் மட்டும் சத்தம் இராது.

அது பெருமாயியின் இடம். 2004-இல் அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகன் செழியன் வளைகுடாவில் கட்டட வேலை. வெள்ளிக்கிழமை செம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வந்துவிடுவாள். கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். சரியாக மூன்றுக்கு அழைப்பு வரும். மூடியைத் திறப்பாள், மெதுவாகப் பேசுவாள், பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். பிறகு சட்டியிலிருந்த குழிப்பணியாரத்தை அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் பணியாரம் எப்போதும் ராபினுக்குத்தான்.

"எப்புடிம்மா இருக்கு லைனு?" என்று அவனும் வாய் நிறையப் பணியாரத்தோடு கேட்பான்.

"பக்கத்துல இருந்து பேசுற மாதிரியே இருக்கு அப்பு."

எல்லாக் கேபின்களின் போக்குவரத்தையும் பெட்டி முதல் நாளிலிருந்தே குறித்துவைத்திருந்தது; அந்த ஒரு வார்த்தைக்காகவே ஏழாம் கேபினுடையதை மட்டும் நொடிக்கு நொடி பிரித்து எண்ணிவைக்க ஒரு தனி நிரல் எழுதினான். எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று இரண்டு பத்தி எண்கள். பாயிடம் காட்டிப் பெருமையடிக்கத்தான். காட்டிய பிறகு அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணி தாண்டி நாலு நிமிஷம். ரோட்டில் குழி தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். லைன் அடியோடு செத்துப்போனது. பத்துக் கேபினிலும் ஒரே கூப்பாடு. ஜெய்தூன் பீவி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் அடித்தாள். ராபின் மோடத்திடம் ஓடினான். லைன் விளக்கு அணைந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தபோது ஏழாம் கேபினில் பெருமாயி பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாய்யா... மழ இன்னும் எறங்கல... ம்."

திண்டுக்கல்லுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஒரு நூல்கூட இல்லாத நேரம் அது. ஹெட்போனின் ஓரத்தில் ஓர் ஆண்குரல் கசிந்தது, இருமியது, சிரித்தது. ராபினுக்குக் கையிலிருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டது. இது எங்கே இருந்து வருகிறது?

பெட்டிக்கு மானிட்டரை மாட்டிப் பார்த்தான். ஏழாம் கேபினுக்கு வந்த அழைப்பு வெளியே இருந்து வரவேயில்லை. மொட்டை மாடி வயர் வழியாக வந்து, பெட்டிக்குள் திரும்பி, கேபினுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எதிர்முனையின் எண், இரண்டு தெரு தள்ளி டைப்பிங் கடை வைத்திருந்த பிராங்க்ளினுடையது. செழியனோடு படித்தவன், செழியனை ஏஜென்டிடம் அழைத்துப் போனவன், பெருமாயியை முதல்முதலாக இந்தக் கேபினில் கொண்டுவந்து உட்காரவைத்தவன்.

எட்டு மாதமாக எதிர்முனை எது என்று பார்க்க வேண்டும் என்றே ராபினுக்குத் தோன்றவில்லை. பேச்சு உடையாதது தன் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தான். என்ன மடத்தனம்!

செழியன் கப்பலும் ஏறவில்லை, விமானமும் ஏறவில்லை, ஏமாந்து போய்ப் பிராங்க்ளின் கடையில் ஒளிந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். எத்தனை வாரமாக இந்தக் கூத்து என்று பார்க்க, மறுநாள் காலையில் அந்த எண்களைக் கோடாக வரைந்து அச்செடுத்தான். பேசும்போது கோடு ஏறும், பேசாதபோது இறங்கும். இரண்டு வெள்ளிக்கிழமைகளின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரே கோடுதான் தெரிந்தது. மூன்றாவது தாளை வைத்தான். நான்காவதை வைத்தான். எட்டு மாதத்தின் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் அந்தக் குரல் அதே நொடியில் ஏறி, அதே நொடியில் இறங்கியிருந்தது. உயிரோடு இருக்கிற மனிதன் எவனும் அப்படிப் பேச முடியாது. பட்டப்பகலில், கீழே பஸ் ஹார்ன்கள் அலற, ராபின் எழுந்து போய் எல்லா விளக்குகளையும் போட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிராங்க்ளின் கடைக்குப் போனான். கடைக்கதவு பாதி சாத்தியிருந்தது. பிராங்க்ளின் கம்ப்யூட்டருக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒலிக்கோப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே, செழியன் எங்கடா?"

"செத்துட்டாண்டா. டிசம்பர்லயே. சாரம் சரிஞ்சு... அங்கனயே பொதச்சுட்டாங்க. கடுதாசி என் கடை அட்ரஸுக்குத்தான் வந்துச்சு."

சாவதற்கு முந்தின வாரம் செழியன் தன் அம்மாவுக்குப் பன்னிரண்டு நிமிஷம் பேசிப் பதிவுசெய்து பிராங்க்ளினுக்கு மெயிலில் அனுப்பியிருந்தான். விளையாட்டுக்காரன். நேரில் பேசுகிற மாதிரியே கேள்வி கேட்டு, அம்மா பதில் சொல்லட்டும் என்று இடம் விட்டு இடம் விட்டுப் பேசியிருந்தான். 'சாப்டியாம்மா? என்ன வெஞ்சனம்? எனக்கும் ஒரு வாய் எடுத்து வைம்மா.' சாவுச் செய்தியைச் சொல்லத்தான் பிராங்க்ளின் முதல் வெள்ளிக்கிழமை அந்த அம்மாளை வரவழைத்தான். வாய் வரவில்லை. அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஓட்டிவிடலாம் என்று, அவளைக் கேபினில் உட்காரவைத்துவிட்டுத் தன் கடைக்கு ஓடிவந்து அந்தக் கோப்பைப் போட்டான்.

"என்னால நிறுத்த முடியலடா. உன் பெட்டில ஒரு வரி எழுதி என் லைன வெட்டி விட்ரு. இணைப்பு போச்சுன்னு அவங்க நெனச்சுக்கிடட்டும்."

ஒரு வரிதான். சென்டருக்குத் திரும்பி, பெட்டிக்கு முன்னால் குந்தி, அந்த வரியை அடித்தும் முடித்தான். என்டரைத் தட்டினால் செழியன் இரண்டாவது தடவையும் செத்துப்போவான். தட்டாவிட்டால் ஒரு தாய், மகன் வருவான் என்று பிணத்தோடு பேசிக்கொண்டே இருப்பாள். எது பாவம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், இதுவரை ஏறெடுத்தும் பார்க்காத இரண்டாவது பத்தியில் கண் போனது. பெருமாயியின் குரல், வெளியே போகிற எண்கள்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் கோடும் அவன் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாறுமாறாகக் கிடந்தன. இரண்டாவது வெள்ளிக்கிழமை கொஞ்சம் விலகின. மூன்றாவதிலிருந்து அவள் ஒருமுறைகூட அவன் பேச்சில் குறுக்கே வரவில்லை. அவன் நிறுத்துகிற நொடியில் தொடங்கி, அவன் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் முடித்திருந்தாள். எட்டு மாதமாக, இம்மி பிசகாமல்.

அடித்த வரியை அழித்துவிட்டான். அடுத்த வாரம் அவள் ஹெட்போனைக் கழற்றும்வரை காத்திருந்து, பக்கத்தில் போய் நின்றான்.

"அம்மா, அந்தப் பக்கம் பேசுறது..."

"தெரியும் அப்பு." சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மொத வாரம் நான் கேட்டது எதுக்கும் அவன் காது குடுக்கல, அவம்பாட்டுக்குப் பேசுறான். மறுவாரம் இருமுன எடத்துலயே இருமுறான். பெத்தவளுக்குப் புரியாதா?"

"அப்பறமும் ஏம்மா வாரீங்க?"

"எனக்குன்னு எடம் விட்டுல்ல பேசி வச்சிருக்கான். நான் பேசலேன்னா அந்த எடம் சும்மா கெடக்கும்ல."

அவள் ஒரு பணியாரத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ஒரு வாய் எடுத்து வைன்னு வாராவாரம் கேக்குறான். அதான் அவனுக்கு முன்னால தொறந்து வைக்கிறேன். படைச்சத நாலு பேருக்குக் குடுக்கணும்ல? சாப்புடு. பிராங்க்ளின் தம்பிகிட்ட மட்டும் எனக்குத் தெரியும்னு சொல்லிறாத. அது தாங்காது."

எட்டு மாதமாகத் தான் தின்றது படையல் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வாயில் போட்டதை மெல்லாமல் வைத்திருந்தான். இருந்தாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினான்.

2006-இல் அகலமான லைன் வந்தது. கூடவே கையகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்தது. ராபின் எழுதிய அத்தனை வரிகளின் வேலையையும் அது பேசாமல் செய்தது. மாடி வயர்களைச் சுருட்டியாயிற்று. பிராங்க்ளின் கடையைக் காலிசெய்து திருப்பூருக்குப் போனான். போகிறபோது செழியன் பேச்சு இருந்த சிடியை ராபின் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினான். ராபின் அந்தக் கோப்பைப் பழைய பெட்டிக்குள்ளேயே வைத்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தானாக ஏழாம் கேபினை அழைக்கும்படி செய்தான். வெளியுலகத்துக்குப் போகிற வயர் அதற்கு இப்போது இல்லை. ஏழாம் கேபினுக்கு ஒரே ஒரு வயர்.

"எங்கயும் போகாத பெட்டிக்குக் கரண்டு எதுக்குப்பா?" என்றார் பாய்.

"இருந்துட்டுப் போகுது பாய்."

பாயும் அந்தப் பணியாரத்தைத் தின்றவர்தான். அப்புறம் கேட்கவில்லை.

2009 ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை பெருமாயி வரவில்லை. செவ்வாய்க்கிழமையே போய்ச்சேர்ந்துவிட்டாள் என்று செம்பட்டி பஸ் கண்டக்டர் சொன்னார். ராபின் அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை; ரூபி காரணம் கேட்டபோது அழுதுவிட்டான். இனிமேல் அந்தப் பெட்டிக்கு வேலையில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு, அணைத்துவிடலாம் என்று முடிவுசெய்தான்.

மூன்று மணிக்கு மானிட்டரை மாட்டிக்கொண்டு பெட்டியருகே குந்தினான். காலியான ஏழாம் கேபின் அழைப்பைத் தானாக எடுத்துக்கொண்டது. உள்ளே வருகிற எண்கள் ஏறின. மேஜைமேல் கிடந்த ஹெட்போனில் செழியன் மெல்லிசாகச் 'சாப்டியாம்மா?' என்றான். எண்கள் இறங்கின. ராபின் சுவிட்சில் கையை வைத்தான்.

அப்போது வெளியே போகிற எண்கள், பெருமாயியின் பத்தி, ஏறின.

திரும்பிப் பார்த்தான். நாற்காலியில் யாருமில்லை. மேலே மின்விசிறி ஓடியது; அந்தச் சத்தம் மைக்கில் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எழுந்து போய் அதை நிறுத்தினான். செழியன் 'என்ன வெஞ்சனம்?' என்று கேட்டு நிறுத்தினான். எண்கள் மறுபடியும் ஏறின. செழியன் தொடங்குவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் இறங்கின. பன்னிரண்டு நிமிஷமும் அப்படித்தான். ராபின் சுவிட்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரூபியைப் பணியாரம் சுடச் சொல்லிக் கொண்டுவந்தான். மூன்று மணிக்கு ஏழாம் கேபினில் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, செழியன் ஒரு வாய் கேட்பதற்குள் மூடியைத் திறந்து வைத்தான்.